புகையுண்ணாமை

தோற்றுவாய்

தெய்வப்புலவர் திருவள்ளுவனார் மக்கள் வாழ்வைக் கெடுக்கும் தீமைகளை ஆராய்ந்து, பொருட்பாலின்கண் வரைவின்மகளிர், கள்ளுண்ணாமை, சூது என 92 முதல் 94 வரையுள்ள அதிகாரங்களை அடுத்தடுத்து நிறுத்தி, அவற்றின் பின்னர் மருந்து என்னும் அதிகாரத்தை வைத்தனர். கேடுகள் இன்னவென உணர்த்தியபின் நோய் தீர்க்கும் நெறியை உணர்த்தும் அம்முறைவைப்பு எண்ணியெண்ணி மகிழத்தக்கது. இவ்வரிசையைக் கற்கும் மாணாக்கர்க்கு ஓர் ஐயம் எழுதல் கூடும். கள்ளினைக் கடிந்த பெருந்தகை புகையினைக் கடியாது விட்டது என்னை? புகையுண்ணாமை என்றோர் அதிகாரம் திருக்குறளிற் காணப்படாமைக்குக் காரணம் யாது? விடை மிக எளிது. அவர் காலத்துத் தமிழ்நாட்டிற் புகையிலை இல்லை. சங்க நூல்களில் எத்துணை முயன்று தேடினும் கள்ளும் தேறலும் தோப்பியும் காணலாமேயன்றிப் புகையிலையைக் காண்டல் இயலாது. அது பிற்காலத்தே கடல் கடந்து வந்த பொருள். வள்ளுவனார்க்கு எழுத வேண்டாதிருந்த அவ்வதிகாரத்தை இற்றைநாள் மருத்துவ நூலார் எழுதி வருகின்றனர். அன்னார் கண்ட உண்மைகளைத் திரட்டி, புகை தன்னை உண்பானுக்கு விளைக்கும் கேட்டையும், உண்ணாது அருகிருப்பார்க்கு விளைக்கும் கேட்டையும் நம் கல்லூரித் தோழர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகையிலையின் வரலாறு

1492ஆம் ஆண்டிற் கொலம்பசும் அவர்தம் தோழரும் அமெரிக்கக் கண்டத்தை அடுத்த தீவுகளை அடைந்தபொழுது, அங்கு வாழ்ந்த மக்கள் ஒருவகை இலையை உலர்த்திச் சுருட்டி, ஒரு முனையில் தீயிட்டு மறு முனையில் வாய்வைத்துப் புகையை ஈர்ப்பதைக் கண்டு வியந்தனர். அவ்விலை மாலுமிகள் வழியாக ஐரோப்பாவிற் புகுந்தது. போர்ச்சுகல் நாட்டில் பிரெஞ்சு அரசின் தூதராயிருந்த ஷான் நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டளவில் அதனை மருந்தெனக் கருதித் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பினார். அவர் பெயரே அச்செடிக்கு நிக்கோட்டியானா என்னும் பெயராகவும், அதன்கண் உள்ள நஞ்சிற்கு நிக்கோட்டின் என்னும் பெயராகவும் நிலைத்தது. நஞ்சொன்று தம் பெயரால் வழங்கப்பெறும் என்று அவர் கனவிலும் கருதியிரார்.

போர்ச்சுகீசிய வணிகரால் அவ்விலை இந்தியாவினுள்ளும் புகுந்தது. அதன் தீமையை அக்காலத்தே உணர்ந்தாரும் உளர். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604ஆம் ஆண்டில் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு இவ்வரசர் பெயராலேயே வழங்குவது நம்மனோர் அறிந்ததே. நம் நாட்டில் ஜஹாங்கீர் பாதுஷா 1617ஆம் ஆண்டிற் புகைத்தலைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். ஒருவர் எழுதுகோலாலும் மற்றவர் செங்கோலாலும் தடுத்தும் அது நின்றிலது. 1881ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பான்சாக்கு என்னும் இளைஞர் சிகரெட்டு என்னும் வெண்சுருட்டைச் சுற்றும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையாற் சுற்றுவார் நிமிடத்திற்குச் சிலவே செய்யக்கூடிய அதனை, அப்பொறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 வீதம் சுற்றித் தள்ளியது. அன்று தொட்டுப் புகை ஏழை செல்வர் என்னும் வேறுபாடின்றி எல்லார் கைக்கும் எட்டியது.

நம் தமிழிலக்கியமும் இவ்விலைக்கு இடந்தந்துள்ளது. அன்னம், மயில், கிளி, முகில், நெஞ்சு முதலியவற்றைத் தூது விடுதல் புலவர் மரபு. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் பழனி முருகனிடத்துப் புகையிலையையே தூது விடுத்துப் புகையிலை விடுதூது என்னும் நூலை இயற்றினார். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் அதனைப் பதிப்பித்து நமக்கு உதவியுள்ளார்கள். அப்புலவரது நகைச்சுவையைச் சுவையாதார் இலர். எனினும் அன்று முருகனிடம் காதற்றூது சென்ற அவ்விலை இன்று யாருடைய தூதனாய் வீடுதோறும் நுழைகின்றது என வினவின், கூற்றுவனுடைய தூதனாய் என்பதே மருத்துவர் கூறும் விடை. உலக சுகாதார நிறுவனத்தார் கணக்கின்படி, ஆண்டுதோறும் உலகிற் புகையிலையால் மாள்வார் 70 இலட்சத்தினும் மிக்கவர். அவருள் 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர் தாம் புகைக்காது பிறர் புகையை ஏற்றமையாலேயே மாள்கின்றனர்.

புகையினுள் உள்ளவை

பீடி குடித்தல், சுருட்டுக் குடித்தல் என்பன நம் மக்கள் வழக்கு. சிகரெட்டுப் பிடித்தல் என்பதும் வழக்கே. நீரையும் பாலையும் குடிப்பதுபோற் புகையையும் குடித்தல் என்றமையால், அது வந்து மறையும் வெற்றுக் காற்றன்று, உடம்பினுட் சென்று தங்கும் பொருள் என்பதை நம் முன்னோர் எவ்வாறோ உணர்ந்திருந்தனர் எனலாம். பிடித்தல் என்னும் சொல்லோ பின்னும் பொருத்தமானது. முதலில் இவன் அதனைப் பிடிக்கின்றான். சின்னாளில் அஃது இவனைப் பிடித்துக்கொள்கின்றது.

அங்ஙனம் பிடிப்பது நிக்கோட்டின் என்னும் பொருள். புகையை ஈர்த்த சில நொடிகளுள், ஏறத்தாழப் பத்து நொடியளவில், அது நுரையீரலிலிருந்து குருதி வழியே மூளையை எட்டி ஒருவகைக் கிளர்ச்சியை எழுப்புகின்றது. அக்கிளர்ச்சி விரைவில் அடங்கும். அடங்கியதும் மனம் அமைதியிழந்து மீண்டும் அதனையே நாடும். இங்ஙனம் நாடி நாடி நாளடைவில் மூளையே அதற்கு ஏற்பத் திரிந்துவிடுதலின், விட நினைப்பவனும் விட இயலாது வருந்துகின்றான். பதினாறு பதினேழு ஆண்டு நிரம்பிய இளைஞரின் மூளை இன்னும் முதிர்ந்து நிறைவு பெறாமையால், இத்தளை அவர்களை எளிதிற் பிணிக்கும். புகைக்கும் பழக்கமுடையாருட் பெரும்பாலார் இளமையிலேயே அதனைத் தொடங்கியவராதல் இதனாலேயாம்.

நிக்கோட்டின் பிணிக்கும் கயிறு. கொல்லும் படைகளோ பிற. எரியும் புகையிலையினின்று எழும் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள எனவும், அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைக்க வல்லன எனவும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அவற்றுள் ஒன்று கரியமில நச்சுக்காற்று எனத்தகும் கார்பன் மோனாக்சைடு. நம் குருதியின் செந்நிறப் பொருள் உயிர்க்காற்றை ஏந்தி உடலெங்கும் கொண்டுசெல்லும் இயல்பினது. இந்நச்சுக்காற்றோ உயிர்க்காற்றினும் இருநூறு மடங்கிற்கு மேலான பற்றுடன் அச்செந்நிறப் பொருளைப் பற்றிக்கொண்டு, உயிர்க்காற்று அமரவேண்டிய இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது. ஆதலின் புகைப்பவனுடைய இதயம் குறைந்த உயிர்க்காற்றைக் கொண்டு மிகுந்த வேலையைச் செய்ய நேர்கின்றது. மற்றொன்று தார் எனப்படும் பிசின். மூச்சுக்குழாயின் உட்புறத்தே நுண்ணிய மயிரிழைகள் உள. அவை ஓயாது அசைந்து தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளி, துடைப்பம் வீட்டைத் துப்புரவு செய்வதுபோல நுரையீரலைத் துப்புரவு செய்கின்றன. புகை அவற்றை முடக்குகின்றது, பின்னர் அழிக்கின்றது. துடைப்பமற்ற வீட்டிற் குப்பை சேர்வதுபோல நுரையீரலிற் சளி சேர, அதனை வெளிப்படுத்த உடம்பு வேறு வழி காணாது இருமுகின்றது. புகைப்பார் பலர் விடியற்காலத்தே நெடுநேரம் இருமுவது இதனாலேயாம்.

புகைப்பார்க்கு வரும் நோய்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் நுரையீரற் புற்றுநோய் பெருகியது கண்டு, டாக்டர் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் இருவர் அதன் காரணத்தை ஆராயப் புகுந்தனர். புதிதாய்ப் பெருகிய சாலைகளுக்கு இடும் தாரே காரணமாகலாம் என டால் முதலில் ஐயுற்றார். நோயாளிகளை வினவி ஆராய்ந்தபொழுது சாலையன்று, சிகரெட்டே காரணம் எனப் புலப்பட்டது. 1950ஆம் ஆண்டில் அவர்தம் கட்டுரை வெளிவந்தது. புகைத்து வந்த டால், தம் ஆராய்ச்சியின் முடிபு கண்டு அப்பழக்கத்தைத் தாமே விட்டொழித்தார். கண்ட உண்மைக்கு முதலிற் பணிந்தவர் கண்டவரே ஆதல் கற்றார் அனைவரும் கருதிப் போற்றத்தக்கது.

அவ்விருவரும் 1951ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவர்கட்கே வினாக்கள் விடுத்து, 34,000க்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்தம் வாழ்வையும் சாவையும் ஆண்டுதோறும் குறித்து வந்தனர். அரை நூற்றாண்டு நடந்த அவ்வாராய்ச்சியின் முடிபு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. விடாது புகைப்போர் புகையாதாரினும் ஏறத்தாழப் பத்து ஆண்டு முந்தி இறக்கின்றனர் என்பது அதன் சாரம். பத்து ஆண்டென்பது சிறிதோ? மகளின் மணமும் பேரனின் மழலையும் அப்பத்து ஆண்டினுள் அடங்குவன அல்லவோ?

நுரையீரலளவில் இக்கேடு நிற்பதன்று. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கணையம், சிறுநீர்ப்பை ஆகிய உறுப்புக்களிலும் புகை புற்றுநோயை விளைக்கின்றது. குருதிக் குழாய்களைச் சுருக்கித் தடித்து அடையச் செய்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கொணர்கின்றது. மூச்சுக்குழாய்கள் குறுகிப் பத்தடி நடப்பதற்கும் திணறச் செய்யும் நாட்பட்ட மூச்சடைப்பு நோயையும் தருகின்றது. 1908ஆம் ஆண்டில் பர்கர் என்னும் மருத்துவர் விளக்கிய நோயொன்று உளது. கால் கை விரல்களுக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் அடைபட, விரல்கள் தாங்கொணா நோவுடன் கறுத்து அழுகிவிடும். அந்நோய் பெரும்பாலும் புகையிலைப் பழக்கமுடைய இளைஞர்க்கும் நடுவயதினர்க்குமே வருவது. நம் நாட்டில் பீடி குடிப்பாரிடத்து மிகுதியாய்க் காணப்படுவது. புகையை அறவே விட்டார்க்கு விரல்கள் பிழைத்தல் கூடும். விடாதார்க்கு விரலும் சிலபோது காலும் வெட்டி நீக்கப்பெறும்.

இவையெல்லாம் மேனாட்டார் ஆராய்ச்சி, நம்மவர்க்குப் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். அன்னார் நம் சென்னையிலும் விழுப்புர மாவட்டத்துச் சிற்றூர்களிலும் நடந்த ஆராய்ச்சியை நோக்குவாராக. டாக்டர் கஜலட்சுமியும் அவர்தம் துணைவரும் இறந்துபட்ட 43,000 ஆடவர்தம் வரலாற்றையும், உயிருடன் இருந்த 35,000 ஆடவர்தம் வரலாற்றையும் வினவித் தொகுத்து, 2003ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். புகைப்பவர் காசநோயால் இறத்தல் புகையாதவரினும் நான்கு மடங்கிற்கு மேற்படும் என்பது அவர் கண்டது. இந்திய ஆடவர் காசநோயால் இறக்கும் இறப்புக்களில் ஏறத்தாழப் பாதி புகைத்தலால் நேர்வன என்றும் அவர்கள் கணித்தனர். காசநோய்க் கிருமி நம் நாட்டிற் பலர் உடம்பினுள் உறங்கிக் கிடப்பது. உறங்கும் பாம்பைப் புகையூட்டி எழுப்புவார் உளரோ? உளர். நாள்தோறும் நம் கண்ணெதிரே அதனைச் செய்துவருகின்றனர்.

பீடியைப் பற்றிய மயக்கம்

சிகரெட்டே தீது, பீடி நம் நாட்டு இலையாற் சுற்றப்படுதலின் கேடு குறைந்தது என்னும் எண்ணம் பலர்க்கும் உண்டு. பீடியிற் புகையிலைத்தூள் சிறிதளவே உள்ளமை உண்மை. ஆயினும் அதனைச் சுற்றிய இலை காற்றுப் புகாத தன்மையது, எளிதில் அணைவது. அணையாமற் காக்கும்பொருட்டுக் குடிப்பவன் அடிக்கடியும் ஆழமாகவும் ஈர்க்கின்றான். ஆதலின் தாரும் நச்சுக்காற்றும் நிக்கோட்டினும் சிகரெட்டைக் காட்டிலும் குறையாது, பலகால் மிகுந்தே, அவனுட் புகுகின்றன. பஞ்சு முனை வைத்த சிகரெட்டும், மென்மையானது எனக் கூறி விற்கப்படும் சிகரெட்டும் இத்தகைய மயக்கங்களே. வேண்டிய நஞ்சு கிடைக்கும் வரை உடம்பு ஆழ்ந்து ஈர்த்துக்கொள்ளும்.

அருகிருப்பார்க்கு விளையும் கேடு

நிற்க. இதுகாறும் கூறியன புகைப்பவன் தானே தேடிக்கொள்ளும் கேடுகள். இனிக் கூறப்புகுவது தேடாதார்க்கு வரும் கேடு. கள்ளுண்பான் வயிற்றிற் சென்ற கள் அடுத்திருப்பான் வயிற்றிற் செல்வதில்லை. புகையோ அத்தகையதன்று. எரியும் சிகரெட்டினின்று இருவகைப் புகை எழுகின்றது. குடிப்பவன் உள்ளிழுத்து வெளிவிடுவது ஒன்று. அவன் ஈர்க்காத பொழுதும் கொள்ளிமுனையினின்று தானே எழுந்து பரவுவது மற்றொன்று. அறையை நிறைப்பதிற் பெரும்பங்கு இப்பின்னதே. குறைந்த வெப்பத்தில் எரிந்து எழுதலின் நச்சுப்பொருள்கள் பல இதன்கண் ஒப்பளவில் மிகுதியாய் உள்ளன.

1981ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தாம் புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் அவர் கவனித்து வந்தார். மிகுதியாய்ப் புகைக்கும் கணவரையுடைய மகளிர், புகையாத கணவரையுடையாரினும் ஏறத்தாழ இரு மடங்கு நுரையீரற் புற்றுநோயால் மாண்டனர். கணவன் வாயிற் கொள்ளி. மனைவியின் மார்பிற் புண். இம்முடிபை மறுக்கப் புகையிலை வணிகர் பெரிதும் முயன்றனர். ஆயினும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் பல அதனையே வலியுறுத்தின. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியார் வெளியிட்ட அறிக்கை, பிறர் புகையைத் தீங்கின்றி ஏற்கத்தக்க அளவு என ஒன்று இல்லை என முடிவு கூறியது. சன்னலைத் திறத்தலும் மின்விசிறி சுழற்றுதலும் புகையின் மணத்தைக் குறைக்கலாமேயன்றி நஞ்சினை நீக்கா என்பதும் அதனாற் பெறப்பட்டது.

இக்கேட்டிற்கு மிகுதியும் ஆளாவார் குழந்தைகள். அவர்தம் நுரையீரல் சிறியது, மூச்சோ விரைவானது. புகையுள்ள வீட்டிற் பிறந்து வளரும் மகவுக்கு ஈளையும், நுரையீரற் காய்ச்சலும், காதிற் சீழ்வடிதலும் மிகுதி. தொட்டிலிற் கிடந்தபடியே காரணந் தெரியாது இறந்துபடும் சேய்களின் சாவுக்கும் இப்புகை துணைசெய்கின்றது. தாயின் வயிற்றகத்துள்ள கருவையும் அது விடுவதில்லை. உரிய எடையின்றிக் குழவி பிறத்தற்கு ஏதுவாகின்றது. குழவி எழுந்து வேறிடம் செல்லுமோ? புகைக்க வேண்டாவெனத் தந்தையைக் கேட்குமோ? 2016-17ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், வளர்ந்தாருள் நூற்றுக்கு 38க்கு மேற்பட்டோர் தத்தம் வீட்டகத்தே பிறர் புகையை ஏற்பவர் எனத் தெரியவந்தது. புகைப்பவரோ நூற்றுக்குப் பதினொருவருக்கும் குறைவு. ஒருவர் கைக்கொள்ளி மூவர்க்கு மேற்பட்டாரைச் சுடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 1999ஆம் ஆண்டிற் கேரள உயர்நீதிமன்றம் பொதுவிடங்களிற் புகைத்தல் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பொதுவிடப் புகைத்தலைத் தடுக்குமாறு ஆணையிட்டது. 2003ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நன்னாளில், பொதுவிடத் தடைக்கான விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. பள்ளி கல்லூரிகளினின்று 100 கசத் தொலைவினுட் புகையிலை விற்றலாகாது என்பதும், பதினெட்டாண்டு நிரம்பாதார்க்கு விற்றலாகாது என்பதும் அச்சட்டத்தின் கூறுகள். ஆனாற் சட்டம் வீதியில் நிற்கும்; வீட்டினுள் நுழையாது. வீட்டினுள் நுழைய வல்லது அன்பு ஒன்றே.

சுற்றுவார் நிலை

புகைப்பவர், அருகிருப்பவர் என்னும் இருவரையன்றி மூன்றாமவர் ஒருவர் உளர். அவரே பீடி சுற்றுவார். அவரைப் பற்றி எழுதுவார் சிலர். இக்கட்டுரையாளன் பிறந்த ஊர் தாமிரபரணிக் கரையதாய்ப் பீடித்தொழிலால் வாழும் ஊராதலின், அவரை மறந்து எழுதுதல் அவனுக்கு இயலாது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிற் பல்லாயிரம் மகளிர் திண்ணையில் அமர்ந்து, முறத்தை மடிமேல் வைத்து, வடநாட்டுக் காடுகளினின்று வரும் இலையை நனைத்து, கத்தரியால் அளவுபட வெட்டித் தூளிட்டுச் சுற்றி நூல் கட்டுகின்றனர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். என் அன்னையார் விரலும் அத்தொழில் செய்த விரலே. என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அவ்வாயிரங்களினின்று வந்தது.

அம்மகளிர் பெரும்பாலும் புகைப்பதில்லை. ஆயினும் நாள் முழுதும் தூளின் நெடியை மூச்சிழுக்கின்றனர். கைத்தோல் வழியே நிக்கோட்டின் உட்செல்கின்றது. குனிந்த கழுத்தும் வளைந்த முதுகும் ஓயாது நோகின்றன. இருமலும் தலைச்சுற்றலும் அத்தெருக்களிற் புதியன அல்ல. மாலையில் முறத்தை ஒதுக்கிய அதே திண்ணையிற் குழந்தைகள் உறங்குகின்றன.

ஆகலின் இங்கு ஒரு கடாவுக்கு விடை கூறவேண்டும். எல்லாரும் புகையை விட்டொழித்தால் இம்மகளிர் உண்பது எங்ஙனம்? இக்கடா புறக்கணிக்கத்தக்கதன்று, ஏழை வயிற்றிலிருந்து எழுவது. எனினும் ஒருவர் அடுப்பெரிய மற்றொருவர் நெஞ்செரிய வேண்டும் என்னும் ஏற்பாடு இருவர்க்கும் அறமாகாது. சுற்றும் மகளிரே தம் பெண்மக்கள் இத்தொழிலுக்கு வருதலை விரும்புவதில்லை. எழுத்தறிவித்து வேறு தொழிலுக்கு அனுப்பவே பாடுபடுகின்றனர். அவ்விருப்பத்திற்குத் துணை செய்தல் அரசுக்கும் திருச்சபைக்கும் கல்லூரிக்கும் கடமை. தையல், கைத்தறி, பனைத்தொழில், உணவுப்பண்டம் செய்தல் முதலிய தொழில்களைக் கற்பித்து, விற்பனைக்கும் வழிகாட்டி, ஊதியம் குறையாவண்ணம் சிறிது சிறிதாக மாற்றுதல் வேண்டும். பீடியை மட்டும் நீக்கிக் கஞ்சியை வையாது போதல் நீதியன்று. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதே புகை விலக்கு என்னும் பெயருக்குத் தகும்.

சிலர் கூறும் தடைகள்

'என் பாட்டனார் தொண்ணூறு வயதளவும் சுருட்டுக் குடித்தே வாழ்ந்தார்' என்பார் சிலர். வெள்ளத்தில் வீழ்ந்தாருள் ஒருவன் கரையேறினான் என்பதனால் அவ்வாறு ஆழமற்றதாகுமோ? விடாது புகைப்பாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்பழக்கத்தாலேயே மாள்கின்றனர் என்பது கணக்கு. கரையேறியவன் கதை சொல்ல இருக்கின்றான். மூழ்கியவர் சொல்ல வருவதில்லை.

'தேர்வுக்காலத்து மனக்கவலை தீர்கின்றது. அறிவு கூர்மை பெறுகின்றது' என்பார் மற்றுஞ் சிலர். தீர்வது நிக்கோட்டின் கிடையாமையால் எழுந்த கவலையே. தான் மூட்டிய தீயைத் தானே தணித்து 'ஆகா, குளிர்ந்தது' என்பானை ஒப்பர் இவர். தீயே மூட்டாதவனுக்கு அக்குளிர்ச்சி வேண்டுவதில்லை.

'என் உடம்பு, என் காசு. தடுக்க நீ யார்?' என்பது மூன்றாவது தடை. காசைப் பற்றிக் கூறின், நாளொன்றுக்கு 50 ரூபாய் புகையாகின்றது எனக் கொள்வோம். ஆண்டொன்றில் 18,250 ரூபாய் ஆகும். மாணவன் ஒருவனுக்கு அஃது எத்தனை நூல்கள்! உடம்பைப் பற்றிக் கூறின், கிறிஸ்தவ மாணவனாகிய யான் கற்றது வேறு. நம் உடம்பு நமக்கே உரியதன்று, அது தேவ ஆவியின் ஆலயம் என்னும் கருத்தைப் பவுலடிகளார் கொரிந்து நகரச் சபைக்கு எழுதினார். ஆலயத்திற் கரி பூசுவார் இல்லை. அக்கருத்தினை ஏலாதாரும் ஒன்றினை மறுத்தல் அரிது. புகை விடுபவன் விட்டபின் அதன்மேல் அவனுக்கு ஆட்சியில்லை. அயலான் நெஞ்சிற் புகும் பொருளை 'என் உரிமை' என்பது எவ்வாறு பொருந்தும்? நம்மைப் போலப் பிறரையும் நேசிக்குமாறு பணித்த பெருமான் அடிவழி நிற்பார்க்கு, பிறர் மூச்சைக் காத்தலும் அந்நேசத்தின் ஒரு கூறேயாகும்.

விடும் வழி

புகைத்தலைத் தொடங்காதார்க்கு வேண்டுவது ஒன்றே. நண்பன் நீட்டும் முதற்சுருட்டை நகைமுகத்தோடு மறுத்துவிடுக. மின்சிகரெட்டு தீங்கற்றது என மயங்குதலும் வேண்டா. அதனையும் நம் அரசு 2019ஆம் ஆண்டிற் சட்டத்தால் விலக்கியுள்ளது.

தொடங்கினார்க்கோ நற்செய்தி உண்டு. உடம்பு மன்னிக்கும் இயல்பினது. கடைசிப் புகைக்குப் பின் இருபது நிமிடத்துள் நாடித்துடிப்புத் தணிகின்றது. ஓரிரு நாளில் நச்சுக்காற்றுக் குருதியை விட்டு நீங்குகின்றது. ஓராண்டிற் புகையால் மிகுந்த மாரடைப்பு அச்சம் ஏறத்தாழப் பாதியாகின்றது. பத்தாண்டில் நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் அச்சமும் விடாது புகைப்பாரினும் பாதியளவாகின்றது. மேற்கூறிய பிரிட்டிஷ் மருத்துவர் ஆராய்ச்சியின்படி, முப்பது வயதில் விட்டவர் இழக்கவிருந்த பத்தாண்டையும் ஏறத்தாழ முழுதும் மீட்டனர். நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டும், ஐம்பதில் விட்டவர் ஆறாண்டும், அறுபதில் விட்டவர் மூன்றாண்டும் மீட்டனர். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்களாகிய பெரியோர்கள் இக்கணக்கைத் தம் வயதோடு ஒப்பிட்டு நோக்குமாறு பணிவுடன் வேண்டுகின்றேன்.

விட முயல்வோன் ஒரு நாளைக் குறித்துக்கொள்க. அந்நாளை நண்பர்க்கும் வீட்டார்க்கும் அறிவித்திடுக. தீப்பெட்டி முதலாக நினைப்பூட்டும் பொருள்களை அகற்றுக. வேட்கை எழும்பொழுது சில நிமிடம் பொறுத்து நீர் அருந்துக. அது தானே தணியும். முதல் வாரம் கடிது, பின்னர் எளிது. ஒருமுறை தவறினும் மீண்டும் முயல்க. பலமுறை முயன்றே வென்றார் மிகப் பலர். மருத்துவர் உதவியும் மருந்தும் உள. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அரசினர் இதற்கென அறிவுரை வழங்கி வருகின்றனர். நண்பன் விட முயலுங்கால் எள்ளி நகையாடாதிருத்தல் நம் கடமை. விடுதியறையில் அவனுக்குத் துணையாய் இருத்தல் அதனினும் பெரிய கடமை.

முடிவுரை

புகையிலை நம் நாட்டுக்கு விருந்தாய் வந்து வீட்டையே தனதாக்கிக்கொண்டது. அதனை வெளியேற்றுதல் ஓரிரவில் ஆவதன்று. மன்னர் ஆணையாலும் ஆயிற்றிலது. கற்றார் ஒவ்வொருவரும் தம் கையினின்று தொடங்கினாற்றான் ஆகும். இக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் நாம் நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஊழியராகவும் ஊர்தோறும் அமர்வோம். நம்மை நோக்கியே சிறுவர் கற்பர். நம் விரலிடையிற் கொள்ளி இல்லாதிருப்பின் அவர்க்கு அதுவே முதற்பாடம். புகைப்பார் விட்டு நலம்பெறவும், அருகிருப்பார் தூய மூச்சு விடவும், பீடி சுற்றும் அன்னையர் வேறு நற்றொழில் பெற்று நிமிர்ந்து அமரவும் எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.